கிழக்குச் சுவருக்குக் கீழே

பிப்ரவரி 9

அண்ணிக்கு,

ஆறு வருடமாக ஒரு வரி எழுதாதவள் 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கினால் நீங்களே சிரிப்பீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்கு மருந்துப் பெட்டி ஏற்றிய லாரி ஒன்று வந்தது. நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தை ஒட்டித்தான் சாமான் இறக்கும் வாசல். டிரைவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். பேச்சுக் கொடுத்ததில் நம் பக்கத்துக்காரர் என்று தெரிந்தது. நம் ஊர் பெயரைச் சொன்னதும், "உங்க ஊரு கல்குவாரியை மூடிட்டாங்கல்ல, அதுல தண்ணி தேக்கப் போறாங்க. சுத்தி இருக்கிற கல்லு மேட்டையெல்லாம் சரிச்சு, மண்ணு கொட்டி, ஆடு மேய புல்லு விதைக்கிறாங்க. இனிமே உங்களுக்கு நல்ல காலம்தான் போங்க" என்றார். நானும் "அப்படியா, நல்லது" என்று தலையாட்டினேன். மடித்து வைத்த படுக்கை விரிப்புகளை எடுத்து உதறி, மறுபடி மடித்துக்கொண்டு நின்றேன்.

அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அந்தக் குழியில், கிழக்குச் சுவர் சரிந்து விழுந்த இடத்தில், என் அண்ணன் இருக்கிறான். பாறையில் துளை போடக் காலையில் இறங்கியவன் இன்னும் மேலே வரவில்லை. தோண்டிக்கொண்டுதான் இருந்தார்கள். தொடரவா என்று அதிகாரி கேட்டபோது "போதும், நிறுத்துங்க" என்று சொன்னது நீங்கள். நான் பஸ் மாறி மாறி வந்து சேர்வதற்குள் பொக்லைனைக் கழுவி நிறுத்தியிருந்தார்கள்.

அதைப் பற்றிப் பேச இப்போது எழுதவில்லை. தண்ணீர் விடுவதற்கு முன்னால் அவனை எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் மனைவி, உங்கள் பேச்சு எடுபடும். ஒரு வார்த்தையில் நிறுத்தத் தெரிந்த உங்களுக்கு ஒரு வார்த்தையில் தொடங்கவும் தெரியும்.

போனில் சொல்லலாம்தான். கடைசியாக நாம் போனில் பேசியது எப்படி முடிந்தது என்று இரண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கும். கடிதம் என்றால் நடுவில் துண்டிக்க முடியாது.

இதை அப்பாவிடம் படித்துக்காட்ட வேண்டாம்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 22

வாயாடிக்கு,

உன்னை இப்படிக் கூப்பிட்டே பழகிவிட்டது. உன் அண்ணன் வைத்த பெயர். வேறு எப்படித் தொடங்குவது என்று யோசித்ததில் இரண்டு நாள் போய்விட்டது.

உன் அப்பா நலம். காது இன்னும் கொஞ்சம் மந்தமாகிவிட்டது. கதவைத் தட்டினால் கேட்காது, டீ ஆற்றும் சத்தம் மட்டும் எந்த மூலையில் இருந்தாலும் கேட்கும்.

நான் ஏதோ பெரிய இடத்தில் உட்கார்ந்திருப்பதாக நீ நினைக்கிறாய். ஊரில் ஒரு கிணற்றிலும் தண்ணீர் இல்லை. தண்ணி லாரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது. அது வரும் என்று வாளியை வரிசையில் வைத்துவிட்டு ஆடுகளைத் தண்ணீர் காட்ட நடத்திக்கொண்டு போனால், திரும்பி வருவதற்குள் என் வாளியை யாராவது பின்னால் தள்ளியிருப்பார்கள். குறை சொல்ல முடியாது. நானும் தள்ளியிருக்கிறேன். மழைக் காலத்தில் ஓடை நிறைய ஓடும் தண்ணீர் அப்படியே போய்விடுகிறது, அதைத் திருப்பிக் குழியில் தேக்கினால் வருடம் முழுக்க வரும் என்கிறார்கள். கூட்டம் போட்டுச் சம்மதம் கேட்டார்கள். எல்லாரும் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. நான் தூக்காததை யாரும் கவனிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி நீ கேட்க வேண்டாம். நானும் அந்த வேலைக்குத்தான் போகிறேன். கழிவுக்கல் மேடுகளைச் சரித்து, மேலே நல்ல மண் பரப்பி வருகிறார்கள். எருவும் மணலும் கலந்து அதில் புல் விதையைத் தூவுவது எங்கள் வேலை. காற்று எதிரே அடித்தால் பாதி விதை மண்ணுக்கு, பாதி எங்கள் வாய்க்கு. மேட்டைச் சரிக்கும் பொக்லைனை ஓட்டுவது ஒல்லி. உன் அண்ணனோடு ஒரே டப்பாவில் கை விட்டுச் சாப்பிட்ட அதே ஒல்லிதான். இன்னும் அப்படியே ஒல்லியாகத்தான் இருக்கிறான்.

"புருஷன் போனா இன்னொருத்தன் வருவான், அண்ணன் வருவானா" என்று அன்றைக்கு எல்லார் முன்னாலும் கேட்டாய். யாரும் வரவில்லை. நானும் உன் அப்பாவும் இருபது ஆடுகளும்தான் இந்த வீட்டில்.

நீ வந்து பேசு. நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

அண்ணி


மார்ச் 14

அண்ணிக்கு,

வரச் சொல்லி ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். ஜூன் வரைக்கும் எனக்கு விடுமுறை கிடையாது. நடுவில் போனால் திரும்பி வரும்போது என் மெஷினில் வேறொருத்தி நிற்பாள். இங்கே ஒரு அறையில் நான்கு பேர் இருக்கிறோம். என் கட்டிலுக்கு மேலே ஈரத் துணிக் கொடி. எழுதுகிற கடிதத்தின் மேல் சொட்டுகிறது. மை கலங்கியிருந்தால் அழுதேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆனால் நீர்த்தேக்கத் திட்டத்தின் தலைமை அலுவலகம் இந்த நகரத்தில்தான் இருக்கிறது. மூன்று தடவை போனேன். இரண்டு தடவை பெஞ்சோடு சரி. மூன்றாவது தடவை உள்ளே விட்டார்கள்.

நான் போகும்போதே சண்டைக்குத் தயாராகப் போனேன். பஸ்ஸில் நின்றுகொண்டே என்னென்ன கேட்க வேண்டும் என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அங்கிருந்த அதிகாரி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அதிலேயே என் பாதிக் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. அப்புறம் ஒரு வரைபடத்தை மேஜை மேல் விரித்தார். நம் ஊர், அண்ணி. நம் வீட்டைக்கூட ஒரு சின்னக் கட்டமாகப் போட்டிருந்தார்கள். மேய்ச்சல் நிலத்துக்குப் பச்சை. குழிக்கு நீலம். ஆழமாக ஆழமாக நீலம் அடர்த்தியாகிக்கொண்டே போகிறது. "உங்க அண்ணன் எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார். தொட்டுக் காட்டினேன். அந்த இடம்தான் எல்லாவற்றையும்விட அடர்த்தி.

"எங்களுக்கு இது தெரியாம இல்லைம்மா. அந்தச் சுவருக்குக் கீழ ஆளை இறக்க முடியாதுன்னு எங்க என்ஜினீயர் எழுதிக் கொடுத்திருக்கார். தண்ணி வேணும். உங்க ஊருக்கு மட்டும் இல்ல, கீழ இருக்கிற நாலு ஊருக்கும் வேணும்" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையாட்டினேன். வெளியே வந்து படியில் நின்ற பிறகுதான் எனக்கே உறைத்தது.

அந்த என்ஜினீயர் அங்கேதானே இருக்கிறார். நீங்கள் போய்ப் பாருங்கள். சுவர் நிஜமாகவே அப்படி இருக்கிறதா, இல்லை இது கைகழுவுகிற பேச்சா என்று உங்கள் கண்ணால் பார்த்து எழுதுங்கள். நீங்கள் சொன்னால் நம்புகிறேன். இதை எழுதவே எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் நம்புகிறேன்.

அப்பா குழிப் பக்கம் போகிறாரா?

வாயாடி


ஏப்ரல் 3

வாயாடிக்கு,

பார்த்தேன்.

என்ஜினீயர் உன் வயதுதான் இருப்பார். தலையில் தொப்பி, காலைக் கடிக்கும் பூட்ஸ், நொண்டிக்கொண்டே கூட்டிப்போனார். மேற்குப் பக்கம் லாரி இறங்கும் சரிவுப் பாதையில் பாதி வரைதான் போக விட்டார். அங்கிருந்து கிழக்குச் சுவர் நேர் எதிரே தெரிகிறது. விரிசல்களின் குறுக்கே கண்ணாடித் துண்டுகளை ஒட்டி வைத்திருக்கிறார்கள். பாறை துளி நகர்ந்தாலும் கண்ணாடி உடையுமாம். தூரக்கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். நான் பார்த்ததில் ஒட்டிய துண்டுகளில் முழுசாக இருந்ததைவிட உடைந்ததுதான் அதிகம்.

"நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கே மெஷின் இறங்கும்மா. ஆனா மேல இருந்து வந்துச்சுன்னா, உங்க வீட்டுக்காரர் பக்கத்துல இன்னும் ரெண்டு பேரை வைக்கிறதுக்கு நான் கையெழுத்துப் போட்ட மாதிரி" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. எனக்கு அந்தச் சுவரை ஏற்கெனவே தெரியும். நீ எப்போதும் கேட்காததால் நானும் சொல்லவில்லை. இப்போது கேட்டுக்கொள்.

அன்றைக்குத் தோண்டிக்கொண்டிருந்தது ஒல்லி. மத்தியானம் மேலே இருந்து இரண்டாவது தடவை பாறை வந்தது. பொக்லைன் கை மடங்கிப்போயிற்று. ஒல்லி இருந்த கண்ணாடிக் கூண்டு முழுக்கப் புழுதி. செத்துவிட்டான் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கதவைத் திறந்துகொண்டு இறங்கினான், பக்கத்தில் நின்ற வேறு மெஷினில் ஏறினான். பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது. "இன்னும் கொஞ்சம்தான் அண்ணி, எடுத்துடலாம்" என்றான். அவன் மனைவி என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அப்போது அவள் வயிற்றில் பிள்ளை. அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில்தான் அதிகாரி வந்து தொடரவா என்று என்னைக் கேட்டார்.

அவ்வளவுதான். நான் சொன்னது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பெண் நின்ற இடத்தில் நீ நின்றிருந்தால் உன்னைப் பார்த்தும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அப்பா போகிறார். தினமும். டீ குடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு குழியின் மேற்கு விளிம்புக்குப் போய், வேலிக்கு இந்தப் பக்கம் உட்காருவார். வெயில் ஏறினதும் வந்துவிடுவார். அங்கே என்ன பார்க்கிறார் என்று நான் கேட்டதில்லை. தண்ணீர் விடப்போகிற சேதி அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஊரே பேசுகிறது.

அண்ணி


மே 8

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. என்ன எழுதுவது? ஆறு வருடமாக உங்களைத் திட்டி வைத்திருந்த வார்த்தைகளையெல்லாம் எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியவில்லை. கூடவே இருந்து பழகிவிட்டன.

ஒல்லியின் குழந்தை என்ன குழந்தை என்று எழுதவில்லையே.

மறுபடி தலைமை அலுவலகத்து அதிகாரியிடம் போனேன். இந்தத் தடவை எடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை. தண்ணீர் விடுவதற்கு முன்னால் நாங்கள் ஒரு முறை கீழே இறங்கிப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டேன். நீங்கள், நான், அப்பா. என்ஜினீயரோடு போனில் நெடுநேரம் பேசினார். சரிவுப் பாதை முடியும் இடம் வரை போகலாம், சுவர்ப் பக்கம் போகக் கூடாது, சீக்கிரம் ஏறிவிட வேண்டும் என்று அனுமதி கொடுத்தார். அங்கிருந்து ஒரு கல் எடுத்துக்கொள்ளலாமா என்றேன். யோசித்துவிட்டு, "சின்னதா எடுத்துக்கோங்க" என்றார். மலையையே பெயர்த்து விற்றார்கள் அண்ணி, யாராவது அவர்களிடம் சின்னதாக எடுங்கள் என்று சொன்னார்களா?

ஜூன் கடைசியில்தான் வாய்க்காலைத் திறப்பார்களாம். எனக்கு ஜூன் பத்தாம் தேதியிலிருந்து விடுமுறை. டிக்கெட் எடுத்துவிட்டேன். பன்னிரண்டாம் தேதி காலையில் வந்துவிடுவேன்.

அவனிடம் பேச வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. உங்கள் முன்னால் பேசக் கூச்சமாக இருக்கும். அந்த நேரத்தில் மட்டும் நீங்களும் அப்பாவும் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ளுங்கள்.

வாயாடி


ஜூன் 11

வாயாடிக்கு,

நீ இப்போது ரயிலில் இருப்பாய். இது உன்னிடம் தபாலில் வராது. நாளைக் காலையில் பஸ் நிற்கும் இடத்தில் என் கையாலேயே தருவேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீ படித்து முடிக்கும் வரை பக்கத்தில் நிற்கிறேன்.

மழை முன்னாலேயே வந்துவிட்டது. நேற்று முழுக்கப் பெய்தது. ஓடையில் இவ்வளவு தண்ணீரை நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து பார்த்ததில்லை. வாய்க்கால் தொடங்கும் இடத்தில் மண்ணைக் கொட்டித்தான் அடைத்து வைத்திருந்தார்கள். மதகு இன்னும் போடவில்லை. இன்று காலையில் அந்த மண் கரைந்துவிட்டது. யாரும் திறக்கவில்லை. அதுவாகவே போய்விட்டது.

ஒல்லி பொக்லைனை எடுத்துக்கொண்டு போனான். கரைந்த இடத்தில் கல்லும் மண்ணுமாக அள்ளி அள்ளிப் போட்டான். போடப் போடத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிற்று. மெஷின் நின்ற கரையும் சரியத் தொடங்கியதும் என்ஜினீயர் ஓடிவந்து கையைக் காட்டி நிறுத்தினார். "அந்தப் பொண்ணு நாளைக்கு வருது சார், ஒரே ஒரு நாள் சார்" என்று ஒல்லி கத்தினான். "தெரியும்பா. என்னை என்ன பண்ணச் சொல்ற" என்றார் அவர். அவர் முகத்தில் ஓடியது மழையா என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

ஊர் முழுக்கக் குழி விளிம்பில் வந்து நின்றது. வாய்க்கால் முனையிலிருந்து தண்ணீர் விழுந்த சத்தம் நம் வீட்டு வாசல் வரை கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள், ஒருவர் தோளை ஒருவர் தட்டினார்கள். உன்னிடம் மறைக்கப் போவதில்லை. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் எனக்கும் முதலில் வந்தது சந்தோஷம்தான். இனி வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம் என்றுதான் நினைத்தேன். வாளியைத்தான் முதலில் நினைத்தேன்.

அப்பா எப்போதும் உட்காரும் இடத்தில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வாங்க மாமா என்று கையைப் பிடித்து இழுத்தேன். வந்துவிட்டார். தலையைத் துவட்டிவிட்டேன்.

சரிவுப் பாதையில் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. சுவர் சரிந்த இடம் தெரியவில்லை. நீ கீழே இறங்க முடியாது.

என்னைத் திட்ட வேண்டும் என்றால் இங்கேயே திட்டிவிடு. வீட்டில் அப்பா இருப்பார்.

அண்ணி


ஜூலை 2

அண்ணி,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். என் மெஷினில் வேறு யாரும் நிற்கவில்லை. எனக்குப் பதிலாக ஒருத்தியைப் போட்டிருக்கிறார்கள், ஆனால் பக்கத்து மெஷினில். இப்போதைக்குத் தப்பித்தேன்.

பஸ் நிற்கும் இடத்தில் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் பேசாமல் நின்றதில் நீங்கள் பயந்துபோயிருப்பீர்கள். நான் ஏன் கத்தவில்லை என்று எனக்கே தெரியவில்லை. யாரைப் பார்த்துக் கத்துவது? அந்த அதிகாரி நல்லவர். என்ஜினீயர் நல்லவர். ஒல்லி கையெல்லாம் கொப்புளத்தோடு வந்து என் முன்னால் நின்று, தலையைத் தூக்காமல் போய்விட்டான். யாராவது ஒருத்தராவது கெட்டவராக இருந்திருக்கலாம். கம்பெனிக்காரர்களைத் திட்டலாம் என்றால் அவர்கள் கல்லோடு கிளம்பிப் போய் வருடங்களாகின்றன. மழையைத் திட்டினால் கேட்கிறவர்கள் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

இரண்டாவது நாள் உங்களோடு மேட்டில் விதை தூவ வந்தேனே, அது நான் நினைத்து வந்த வேலை இல்லை. வெறும் கையோடு வீட்டில் உட்கார முடியவில்லை, அதனால் வந்தேன். அங்கிருந்து பார்த்தால் தண்ணீர் முழுக்கத் தெரிந்தது. ஆடுகள் கரைக்கு இறங்கிக் குடித்தன. அதில் ஒரு குட்டி தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்துப் பயந்து பின்னால் குதித்தது. நான் சிரித்துவிட்டேன். நீங்களும் சிரித்தீர்கள். அப்புறம் நாம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் விதை தூவினோம்.

அவனிடம் பேச வேண்டும் என்று எழுதினேன் அல்லவா. கரையில் தனியாக நின்று பார்த்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கே வாயாடி என்று பெயர்.

அப்பா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அங்க சாப்பாடெல்லாம் ஒழுங்கா கிடைக்குதா?" கிடைக்கிறது என்றேன்.

வாயாடி


செப்டம்பர் 19

வாயாடிக்கு,

புல் முளைத்துவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் மேடு முழுக்கப் பச்சைத் துணியைக் காயப்போட்ட மாதிரி இருக்கிறது. கிட்டே போனால் நடுநடுவே வழுக்கை. வேர் பிடிக்க இரண்டு வருடம் ஆகும், அதுவரை ஆடு மாடு எதுவும் உள்ளே வரக் கூடாது என்று சுற்றிலும் கம்பி கட்டிவிட்டார்கள். நியாயம்தான், இப்போது விட்டால் வேரோடு பிடுங்கிவிடும். ஆனால் அந்த மேடுகளின் அடியில் அங்கங்கே முளைத்த செடியைத்தான் இத்தனை நாள் மேய்த்துக்கொண்டிருந்தோம். அதுவும் கம்பிக்குள் போய்விட்டது. எட்டு ஆடுகளைக் கொடுத்துவிட்டேன். மீதியும் எவ்வளவு நாளைக்கு என்று தெரியாது. அவை கம்பிக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே பார்க்கின்றன. நான் விதைத்த புல்.

ஒல்லிக்குப் பெண் குழந்தை. போன கடிதங்களில் எழுத விட்டுப்போயிற்று. வந்தபோது நீயே பார்த்தாய்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. வீட்டு வீட்டுக்குக் குழாய் போட்டுவிட்டார்கள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி திறக்கிறார்கள். பெரிய அதிகாரிகள் வருகிறார்கள். நேற்று அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். முதல் குழாயை உன் அப்பா கையால் திறக்க வேண்டுமாம். அவரைக் கௌரவிக்கிறார்களாம். மகனை இழந்தவர் கையால் திறந்தால்தான் நன்றாக இருக்கும் என்று ஊரில் எல்லாருமே சொன்னார்களாம். வந்தவர்கள் இதைச் சொல்லும்போது கண் கலங்கினார்கள். மனதாரத்தான் சொன்னார்கள்.

அப்பாவுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. தலையை ஆட்டினார். அவர் எல்லாவற்றுக்கும்தான் தலையை ஆட்டுகிறார்.

நான் என்ன செய்யட்டும்? நீ மகள். உடனே எழுது.

அண்ணி


செப்டம்பர் 27

அண்ணி,

வேண்டாம். அப்பாவை அனுப்பாதீர்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள், நாத்தனார் சண்டைக்காரி, ஒத்துக்கொள்ளமாட்டாள் என்று பழியை என் மேல் போடுங்கள். அவர் கையால் அந்தக் குழாயைத் திறக்க வைத்து, கைதட்டி, படம் பிடித்து, என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. இத்தனை நாள் நான் கேட்டது ஒன்றும் நடக்கவில்லை. இது ஒன்றாவது நடக்கட்டும்.

இங்கிருந்து போன் செய்தேன். உங்கள் எண் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. ஒல்லியின் எண் என்னிடம் இல்லை. இன்றைக்கே தபாலில் போடுகிறேன்.

வாயாடி


அக்டோபர் 6

வாயாடிக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அதற்குள் திறப்பு விழா முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. என் போன் மழையில் நனைந்த நாளிலிருந்து வேலை செய்யவில்லை. வாங்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி விட்டுவிட்டேன்.

நான் முயற்சி செய்தேன் என்று நீ நம்ப வேண்டும். மாமாவுக்கு முடியவில்லை என்று ஒல்லியிடம் சொல்லியனுப்பினேன். அதற்குள் அவரே சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். காலையில் எழுந்து சவரம் செய்திருக்கிறார். தாடையில் ஒரு வெட்டு. "போகலாமாம்மா" என்றார். போக வேண்டாம் மாமா என்றேன். கேட்கவில்லை. நிஜமாகவே காதில் விழவில்லையா, விழாத மாதிரி இருந்தாரா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மேடை போட்டிருந்தார்கள். இங்கே வந்த நாளிலிருந்து நான் பார்த்த எல்லாருமே அங்கே இருந்தார்கள். ஒரு அதிகாரி மைக்கில், "இந்த ஊரின் தாகம் தீர மகனையே கொடுத்த பெரியவர்" என்றார். கொடுத்தார் என்றுதான் சொன்னார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அப்பா குழாயைத் திருகினார். முதலில் காற்று வந்தது, அப்புறம் செம்மண் கலங்கல், அப்புறம் தெளிவாகத் தண்ணீர். யாரோ ஒரு டம்ளரைப் பிடித்து நிரப்பி அவர் கையில் கொடுத்தார்கள். குடிக்கச் சொல்லிப் படம் எடுக்கிறவர் சைகை காட்டினார். நான் மேடைக்கு ஏறிப் போய்த் தட்டிவிட்டிருக்க வேண்டும். அந்தப் பெண் பிடித்த கையைக்கூட விடுவித்துக்கொள்ளாமல் நின்றேன். அவர் முழு டம்ளரையும் குடித்தார். நின்று, நிதானமாக, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் டீ போட்டேன். அடுப்படியில் புதுக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே வெயில் நன்றாக இருந்தது. பக்கத்து வீட்டில் துணி துவைக்கும் சத்தம் கேட்டது. இவ்வளவு தண்ணீர் விட்டு அவர்கள் துவைத்து எத்தனையோ வருடமாகிறது. டீயைக் கொண்டுபோய் வைத்தேன். அதைத் தொடாமல் கையை மட்டும் உள்ளங்கை தெரியத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி ரொம்ப ஜில்லுன்னு இருக்கும்மா" என்றார்.

ஆமா மாமா, ஆழத்திலிருந்து வருது இல்ல, என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது.

அவர் உடம்பு நடுங்கியது போலத் தெரிந்தது. உள்ளே போய்க் கம்பளியை எடுத்துவந்து அவர் தோளில் போர்த்தினேன். அதை எடுத்து மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கு இல்லம்மா" என்றார், குழி இருக்கும் பக்கம் தலையைத் திருப்பி.

கம்பளியை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருடத்தில் அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

முடிந்தால் வா. வேலை போனாலும் பரவாயில்லை, வா.

அண்ணி